பத்து நிமிடம் தாமதமாக வந்த நிலா

1667 ஜூன் 21. ஆண்டின் மிக நீண்ட பகல். பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் கணித அறிஞர்கள் பாரிஸின் தெற்கு எல்லைக்கு வெளியே கூடி, வடக்குத் தெற்காக ஒரு கோட்டைக் குறித்தார்கள். அந்தக் கோட்டின் மேல்தான் பாரிஸ் வானாய்வகம் எழுந்தது. தீப்பிடிக்கக் கூடாது என்று மரம் சேர்க்கவில்லை. காந்த ஊசி தடுமாறக் கூடாது என்று இரும்பும் சேர்க்கவில்லை. முழுக்க முழுக்கக் கல். இன்றும் அது வேலை செய்கிற வானாய்வகம்தான். ஒளியின் வேகத்தை அளந்த கதையும் அங்கேதான் தொடங்குகிறது.

14ஆம் லூயியின் அரசு இதற்குப் பணம் ஒதுக்கியதில் நடைமுறைக் காரணமும் இருந்தது. நாட்டுக்குச் சரியான வரைபடம் வேண்டும், கப்பலுக்கு வழி தெரிய வேண்டும். ஓர் ஊரின் தீர்க்கரேகையைக் கணக்கிட, அங்கே மணி என்ன, அதே கணத்தில் பாரிஸில் மணி என்ன என்று தெரிந்தால் போதும். ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு 15 பாகை. ஆனால் தொலைவில் இருப்பவருக்குப் பாரிஸ் நேரத்தை யார் சொல்வது?

வியாழன் சொல்லும் என்று நம்பினார்கள். கலிலியோ கண்ட நான்கு நிலாக்களில் வியாழனுக்கு மிக அருகில் சுற்றுவது ஐஓ. ஏறத்தாழ 42½ மணி நேரத்துக்கு ஒரு முறை அது வியாழனின் நிழலுக்குள் போய் வெளியே வருகிறது. தொலைநோக்கி வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரிகிற கடிகாரம் அது. அந்த மறைப்புகளுக்குக் கால அட்டவணை போட்ட இத்தாலியர் காசினியை 1669இல் பாரிஸுக்கே வரவழைத்தார்கள். டென்மார்க் போயிருந்த பிரெஞ்சு வானியலாளர் பிக்கார், ஓலே ரோமர் என்ற இளைஞரைத் தன்னோடு அழைத்துவந்தார்.

வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்துக் குறித்தபோது ஒரு சிக்கல் தெரிந்தது. ஐஓ சில மாதங்களில் அட்டவணையை முந்தியது, சில மாதங்களில் பிந்தியது. ஊசல் கடிகாரம் வந்து இருபது வருடம்கூட ஆகாத காலம். பழைய கடிகாரங்களை வைத்திருந்தால் இந்த நிமிடங்கள் கணக்கிலேயே வந்திருக்காது.

விஷயம் இதுதான். பத்து நாளுக்கு ஒரு முறை தவறாமல் உங்களுக்குக் கடிதம் போடுகிற ஒருவர் இருக்கிறார். நீங்களோ ஊர் ஊராக அவரை விட்டு விலகிப் போகிறீர்கள். ஒவ்வொரு கடிதமும் கூடுதல் தூரம் வர வேண்டியிருப்பதால், உங்கள் கைக்குப் பத்து நாளும் சொச்சமும் கழித்துத்தான் கிடைக்கும். அவர் நேரம் தவறவில்லை, தூரம் கூடுகிறது. ஐஓவின் கடிதத்தை நமக்குக் கொண்டுவருவது ஒளி. பூமியும் சூரியனைச் சுற்றும்போது பாதி வருடம் வியாழனை விட்டு விலகுகிறது, மீதிப் பாதி நெருங்குகிறது. ஐஓ ஒரு சுற்று முடிப்பதற்குள் பூமி அதிகபட்சம் 45 லட்சம் கிலோமீட்டர் அளவுக்கு விலகலாம். ஒளிக்கு அது 15 நொடிப் பயணம். ஒரு சுற்றில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். நாற்பது சுற்றுக்கு மேல் சேர்ந்தால் நிமிடங்களாகிவிடும்.

இதை வைத்து ரோமர் 1676 செப்டம்பரில் ஒன்றைத் துணிந்து சொன்னார்: நவம்பர் 9 அன்று ஐஓ நிழலிலிருந்து வெளிவருவது 10 நிமிடம் தாமதமாகும். அப்படியே ஆனது. முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் காத்திருந்தாரே, எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் அதுதான். ஒளி கணப்பொழுதில் பாய்ந்துவிடுகிறது என்று பெரிய பெரிய அறிஞர்களே நம்பியிருந்த காலம் அது. பூமிப் பாதையின் குறுக்களவைக் கடக்க ஒளிக்கு 22 நிமிடம் ஆகும் என்பது ரோமரின் கணக்கு. உண்மையில் 17 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அப்புறம் டச்சு அறிஞர் ஹைகன்ஸ் அந்தக் கணக்கிலிருந்து ஒளியின் வேகத்தைக் கிலோமீட்டரில் சொன்னால் நொடிக்குச் சுமார் 2,20,000 என்று வருமளவுக்குக் கணித்தார். இன்றைய அளவு 2,99,792.

காசினி இதை ஏற்கவில்லை. ஒளியின் தாமதம் என்ற எண்ணம் முதலில் அவருக்கே தோன்றி, அவரே கைவிட்டதும் உண்டு. மற்ற மூன்று நிலாக்களில் அந்தக் கணக்கு பொருந்தவில்லையே என்று கேட்டார். வீம்பு என்று அதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை, நியாயமான கேள்வி. அந்த நிலாக்கள் ஒன்றையொன்று இழுத்து அசைக்கின்றன என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

1862இல் அதே கல் கட்டடத்தில் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ இன்னொரு வழியில் ஒளியின் வேகத்தை அளந்தார். வேகமாகச் சுழலும் கண்ணாடியில் பட்டு, சுமார் 20 மீட்டர் பாதையைச் சுற்றி ஒளி திரும்பி வருவதற்குள் கண்ணாடி ஒரு துளி திரும்பிவிடும். அதனால் பிம்பம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக விலகி விழும். அந்த விலகலை அளந்து அவர் கண்டது நொடிக்கு 2,98,000 கிலோமீட்டர். வியாழன் வரை பார்வையை அனுப்ப வேண்டிய வேலை, ஓர் அறைக்குள்ளேயே முடிந்தது.