காலண்டர் தாளில் கடல்

பம்ப் செட் மோட்டார் பார்க்கும் எங்கள் பட்டறைக்கு ஒருநாள் ஒரு அவுட்போர்டு என்ஜின், அதாவது படகின் பின்னால் மாட்டும் என்ஜின், வந்தது. ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரையிலிருந்து சாக்கில் சுற்றி, மீன் வண்டியில் போட்டு அனுப்பியிருந்தார்கள். சூடேறி நின்றுவிடுகிறது என்பது புகார். பட்டறையில் இருந்த நான்கு பேரில் ஒருவர்கூட அதற்கு முன் கடல் என்ஜினைத் தொட்டதில்லை. மதுரையில் படகு என்றால் எங்களுக்கு வண்டியூர் தெப்பக்குளம்தான்.

திறந்து பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. உள்ளே இருந்ததும் ஒரு பம்ப்தான். தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் அவுட்போர்டின் காலுக்குள், புரொப்பல்லருக்குச் சற்று மேலே, உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் இம்பெல்லர், இதழ்கள் உள்ள சின்னச் சக்கரம், சுற்றுகிறது. அது கடல் தண்ணீரை உறிஞ்சி, சிலிண்டரைச் சுற்றி ஓடவிட்டு, திரும்பக் கடலுக்கே அனுப்புகிறது. காரில் இருப்பது போல ரேடியேட்டர் கிடையாது, கடல்தான் ரேடியேட்டர். நம் மோனோபிளாக் பம்ப் செட்டில் இம்பெல்லர் கேசிங்கை உரசாமல் சுற்றும். இதில் ரப்பர் இதழ்கள் சுவரை உரசி, மடங்கி நிமிர்ந்துதான் தண்ணீரைத் தள்ளுகின்றன. அந்த உரசலுக்கு எண்ணெய் மாதிரி இருப்பதும் அதே தண்ணீர்தான். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே இதழ்கள் கருக ஆரம்பித்துவிடும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், புது இம்பெல்லரை மாட்டி, ஓடுகிறதா பார்ப்போம் என்று பட்டறை மேசையிலேயே கட்டி ஸ்டார்ட் செய்த ஆள் நான்தான். இரண்டாவது இம்பெல்லர் என் சொந்தக் காசு. அப்புறம்தான் பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, என்ஜின் காலை முக்கி ஓட்டினோம்.

வைகை கடலில் கலக்காது என்று கேட்டுத்தான் மதுரைக்காரர்கள் வளர்கிறோம். அது முழுக்கச் சரியில்லை. வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் வரும் ஆற்றின் தண்ணீரில் பெரும்பங்கு வழியிலுள்ள கண்மாய்களுக்கும், கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கும் போய்விடுகிறது. மிஞ்சினால், மிஞ்சுவது ஆற்றங்கரை என்றே பெயருள்ள கடலோர ஊர்ப்பக்கம் பாக் விரிகுடாவில் இறங்குகிறது. என்ஜினின் சொந்தக்காரரான பெரியவர் இருந்தது அந்தக் கரையில்தான். மாட்டிக் கொடுக்க நானே போனேன்.

படகின் முன்பக்கத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அணியம், பின்பக்கத்துக்கு அமரம். அமரத்தில் என்ஜினை மாட்டி ஸ்டார்ட் செய்ததும் பெரியவர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

“ஒண்ணுக்குப் போகுதான்னு பாருங்க தம்பி.”

என்ஜினின் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளையிலிருந்து தண்ணீர் மெல்லிய தாரையாகப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. அது நின்றால் இம்பெல்லர் போய்விட்டது, அல்லது உறிஞ்சும் வாய் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். உடனே என்ஜினை அணைக்க வேண்டும். பாக் விரிகுடாவில் அடைப்பதற்கு என்ன பஞ்சம்! அடியில் கடல்புல் மண்டிக் கிடக்கிறது. அங்கே ஆவுளியா என்று சொல்லும் கடற்பசுவுக்கு அதுதான் சாப்பாடு. 2022-ல் தமிழ்நாடு அரசு இந்த விரிகுடாவின் வடபகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகவே அறிவித்தது. அறுந்து மிதக்கும் அந்தப் புல் உறிஞ்சும் வாயை மூடும், புரொப்பல்லரில் சுற்றும். கொஞ்சம் ரிவர்ஸ் கொடுத்தால் சில சமயம் அவிழும். இல்லையென்றால் என்ஜினை அணைத்து, காலை மேலே தூக்கி, கையால்தான் பிடுங்க வேண்டும்.

ஆற்று முகத்தில், படகைத் திருப்பும் என்ஜின் பிடியை என்னிடம் கொடுத்தார். பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும்; பழக பத்து நிமிடம் ஆனது. கொஞ்ச நேரத்தில் அமரம் கீழே இழுப்பது போல இருந்தது. பின்னால் எழுந்த அலை உயரமாகி, பழுப்பாகி, எங்களையே துரத்திக்கொண்டு வந்தது. நான் வேகம் போதவில்லை என்று ஆக்ஸிலேட்டரை இன்னும் முறுக்கினேன். அங்கேதான் தப்பு. ஆழம் குறைந்த இடத்தில் படகு தள்ளும் தண்ணீர் அடியில் நெருக்கிப் பிடித்து ஓட வேண்டியிருக்கிறது. வேகம் கூடிய தண்ணீரில் அழுத்தம் குறையும். அதனால் படகு தரையை நோக்கி அமிழ்கிறது. அமரம் கனப்பதும், பின்னால் வரும் அலை உயர்வதும், பிடி மந்தமாவதும் தரை கிட்டே வந்துவிட்டதற்கு அறிகுறி. அப்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். நான் கூட்டினேன், படகு சேற்றில் உட்கார்ந்தது.

பெரியவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. என்ஜினை அணைத்தார், காலைத் தூக்கினார் (சேற்றையும் மணலையும் உறிஞ்சினால் என் இரண்டாவது இம்பெல்லரும் போயிருக்கும்), தண்ணீரில் குதித்தார். முழங்கால் அளவு.

“எறங்குங்க தம்பி. வத்தம் புடிச்சிருச்சு. இப்பத் தள்ளுனாத்தான் தள்ளுனது.”

தள்ளி மிதக்கவிட்டு ஏறி உட்கார்ந்த பிறகு கேட்டேன், வற்றம் பிடித்த நேரம், அதாவது கடல் இறங்கத் தொடங்கும் நேரம், எப்படித் தெரியும் என்று. அவர் திருப்பிக் கேட்டார், “உங்க பட்டறையில காலண்டர் இல்லையா?”

காலண்டர் இருக்கிறது. தேதி கிழிக்கும் தினசரி காலண்டர். ராகு காலமும் எமகண்டமும் பார்ப்போம், கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது திதி பார்ப்போம். அந்தத் திதியில் கடல் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

நிலவு தன் பக்கம் இருக்கும் கடலைப் பூமியின் மையத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இழுக்கிறது. மறுபக்கக் கடலைச் சற்றுக் குறைவாக இழுக்கிறது. ஆக இரண்டு பக்கமும் தண்ணீர் புடைத்துக்கொள்கிறது. பூமி சுழலும்போது ஒரு கரை இரண்டு புடைப்புகளையும் கடக்கிறது. அதனால்தான் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். சூரியனும் இதே வேலையைச் செய்கிறது, நிலவின் பலத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவாக. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், பூமி, நிலவு மூன்றும் ஒரே கோட்டில் நிற்பதால் இரண்டு இழுப்பும் கூடிக்கொள்கின்றன: ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. அஷ்டமியையொட்டி இரண்டு இழுப்பும் ஒன்றுக்கொன்று குறுக்கே நிற்பதால் கடல் சோம்பலாக இருக்கும். ஊரில் நல்ல காரியத்துக்கு ஆகாத அஷ்டமி, ஆழமில்லாத இடத்தில் படகு பழகுகிறவனுக்கு நல்ல நாள்.

இதில் எனக்குப் பிடித்த கணக்கு இனிதான் வருகிறது. திதி என்பது சூரியனுக்கும் நிலவுக்கும் இடையிலான கோணம் 12 பாகை கூடுவதற்கு ஆகும் காலம். அப்படித் தள்ளிப்போன நிலவை எட்ட பூமி இன்னும் 12 பாகை சுழல வேண்டும்; அதற்கு 48 நிமிடம் ஆகும். நாழிகைக்கு 24 நிமிடம். அப்படியானால் 48 நிமிடம் சரியாக இரண்டு நாழிகை. ஆக ஒரு திதிக்கு இரண்டு நாழிகை வீதம் ஏற்றம் தள்ளிப்போகிறது. ஒரு கரையில் பௌர்ணமியன்று நண்பகல் 12 மணிக்கு உச்ச ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று திதி கழித்து 2 மணி 24 நிமிடத்தையொட்டி வரும். அஷ்டமி வாக்கில் ஆறு மணிக்குப் போய்விடும், நண்பகலில் வற்றம் இருக்கும். பதினைந்து திதிக்கு முப்பது நாழிகை, அதாவது 12 மணி நேரம். அமாவாசையன்று மறுபடி நண்பகலில் ஏற்றம். சக்கரம் தன் இடத்துக்கே வந்துவிட்டது. உங்கள் கரையில் பௌர்ணமி ஏற்றம் எத்தனை மணிக்கு என்ற ஒரு எண் தெரிந்தால் போதும், மீதி எல்லாம் சுவரில் தொங்குகிறது.

இது சராசரிக் கணக்கு. சூரியனின் குறுக்கீட்டால் பௌர்ணமியையொட்டி தள்ளிப்போவது 48 நிமிடத்துக்குக் குறையும், அஷ்டமியையொட்டிக் கூடும். பெரிய ஏற்றமும் பௌர்ணமியன்றே வராமல் ஒன்றிரண்டு நாள் பிந்தி வருவது பல கரைகளில் வழக்கம். சரியான நேரம் வேண்டுமென்றால் இந்திய நில அளவைத் துறை வெளியிடும் ஓத (ஏற்ற வற்ற) அட்டவணையையோ, ஐதராபாத்திலிருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனத்தின் முன்னறிவிப்பையோ பார்க்க வேண்டும். அலையையும், தூரக் கடலிலிருந்து சொல்லாமல் வந்து கரையேறும் அலைக்கான ‘கள்ளக்கடல்’ எச்சரிக்கையையும் கிளம்பும் முன் பார்க்கத்தான் வேண்டும். அதெல்லாம் காலண்டரில் கிடையாது. காற்றும் உண்டு. வாடை விடாமல் அடிக்கும் நாட்களில் விரிகுடாத் தண்ணீர் தென்கரையில் ஏறி நிற்கும், நிலவு என்ன சொன்னாலும் சரி.

பாக் விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டரைக்கூடத் தொடாது. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் பத்து மீட்டர் போகும் என்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் முழங்கால் ஆழத்தில் மணல் தீடைகள் (மணல் மேடுகள்) கிடக்கும் கடலில் அரை மீட்டர்தான் மிதப்பதற்கும் உட்காருவதற்கும் நடுவில் நிற்கிறது. அது ஒரே சீராகவும் இறங்காது. ஆறு மணி நேரத்தில் 60 சென்டிமீட்டர் இறங்குகிறது என்றால் முதல் மணியில் 5, அடுத்து 10, நடு இரண்டு மணிகளிலும் 15, 15, பிறகு 10, கடைசியில் 5. முதல் மணியில் ஏமாற்றும்: இன்னும் அப்படியேதான் இருக்கிறது என்று நினைப்போம். மூன்றாம் மணியில் காலை வாரும். நாங்கள் சிக்கியது வற்றம் தொடங்கிய புதிதில். ஒரு மணி நேரம் யோசித்துக்கொண்டு நின்றிருந்தால் அடுத்த ஏற்றம் வரை அங்கேயே கிடந்திருப்போம். பெரிய ஏற்றத்தின் உச்சியில் தரை தட்டுகிறவன் நிலை இன்னும் மோசம். அடுத்தடுத்த ஏற்றங்கள் சிறுத்துக்கொண்டே போகும். அடுத்த அமாவாசை வரைகூடக் காத்திருக்க நேரலாம்.

நடு மணிகளில் வேகமாக ஏறி இறங்கும் அதே தண்ணீர்தான் ஆற்று முகத்தில் நீவாடாக ஓடுகிறது. நீரோட்டத்துக்கு அவர்கள் சொல் நீவாடு. திரும்பும்போது பெரியவர் முகத்துக்கு வெளியே படகை நிறுத்திக் காட்டினார். ஆற்றிலிருந்து தண்ணீர் வெளியே ஓட, காற்று கடலிலிருந்து அலையை உள்ளே தள்ளியது. எதிர்நீவாட்டில் மாட்டிய அலை நீளம் சுருங்கும். சுருங்கிய இடத்தில் அதே சக்தி அடைபட்டு அலை செங்குத்தாக எழுந்து உடையும். அரை கிலோமீட்டர் தள்ளி இதே காற்றில் கடல் சாதுவாகத்தான் இருந்தது. முகத்தைக் கடக்க ஏற்றத்தின் கடைசி மணிதான் நல்ல நேரம்: தண்ணீரும் அலையும் ஒரே திசையில் போகும், அடியில் ஆழமும் இருக்கும். அப்போதும் அலையின் முதுகில் அதன் வேகத்திலேயே போக வேண்டும். முந்தி ஓடினால் அணியம் முன்னலையில் குத்தி, படகு குறுக்கே திரும்பிக் கவிழும்.

நீவாட்டைக் குறுக்கே கடப்பதற்கும் ஒரு சூட்சுமம் உண்டு. மணிக்கு 10 கிலோமீட்டரில் போகும் படகு 500 மீட்டர் கடக்க மூன்று நிமிடம். நீவாடு மணிக்கு 3 கிலோமீட்டர் என்றால் அதற்குள் 150 மீட்டர் பக்கவாட்டில் போயிருப்போம், அணியம் என்னவோ நேராகத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அவர் கரையில் ஒரு பனையையும் அதற்குப் பின்னால் ஒரு செல்போன் டவரையும் காட்டினார். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும்வரை கோட்டில் இருக்கிறோம். டவர் பனைக்கு இடப்பக்கம் நழுவினால் நாமும் இடப்பக்கம் அடித்துப்போகப்படுகிறோம், வலப்பக்கம் திருப்ப வேண்டும். போன் மேப்பைவிட இது வேகமாகச் சொல்கிறது, சார்ஜும் தீராது.

பாம்பனில் இதெல்லாம் பெரிய அளவில் நடக்கிறது. வாடைக் காலத்தில் தண்ணீர் பாக் விரிகுடாவிலிருந்து மன்னார் வளைகுடாவுக்கு ஓடும். தென்மேற்குக் காற்றடிக்கும் கச்சான் காலத்தில் திசை மாறும். பாலத் தூண்களுக்கு நடுவே ஒடுங்கும் இடத்தில் ஓட்டம் இன்னும் முறுக்கேறும். என்னைப் போன்ற புதியவர்கள் அங்கே பிடியைத் தொடாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

கரை சேர்வது எப்போதும் நீவாட்டுக்கு எதிர்முகமாகத்தான். அப்போதுதான் கரையைப் பொறுத்து மெதுவாக நகர்ந்தாலும் தண்ணீரைப் பொறுத்து ஓட்டம் இருக்கும், பிடி கேட்கும். நங்கூரக் கயிறு ஏற்ற நேரத்து ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது வேண்டும். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல் இருக்க. என்ஜினை அணைக்கும் சிவப்புக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் பிடியைத் தொடக் கூடாது. ஆள் விழுந்தால் என்ஜினும் நிற்க வேண்டும், இல்லையென்றால் படகு வட்டமடித்து வந்து விழுந்தவன் மேலேயே ஏறும். இதைச் சொன்ன பெரியவர் லைஃப் ஜாக்கெட்டை உட்காரும் பலகையில் மெத்தையாகப் போட்டிருந்தார். அதை மட்டும் அவரிடமிருந்து நான் கற்றுக்கொள்ளவில்லை.

வந்த பிறகு பட்டறைக் காலண்டரில் பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் வட்டம் போடும் பழக்கம் வந்துவிட்டது. அழகர் ஆற்றில் இறங்குவதும் தெப்பத் திருவிழாவும் பௌர்ணமியில்தான் வருகின்றன. நாம் ஆற்றங்கரையில் கூடி நிற்கும் நாட்களில் ஆற்றின் மறுமுனையில் கடல் பெருகிக்கொண்டிருக்கிறது. போன சித்திரையில் அழகருக்காக வைகை அணையைத் திறந்திருந்தார்கள். கூட்டத்தில் நின்றுகொண்டே பெரியவருக்குப் போன் செய்து, இங்கே ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, அங்கே வருமா என்று கேட்டேன்.

“அது எங்க வரப்போகுது தம்பி, பரமக்குடி தாண்டுனாலே பெருசு. ஆனா எங்க ஆத்துலயும் இடுப்பளவு நிக்கிது. எல்லாம் கடல்லேருந்து ஏறுனது.”