மாவை மறுபடி அரிசியாக்கும் வித்தை

1996இல் நிண்டெண்டோ வெளியிட்ட சூப்பர் மரியோ 64 என்ற வீடியோ விளையாட்டுக் கார்ட்ரிட்ஜின் கொள்ளளவு 8 மெகாபைட். கைபேசியில் எடுக்கும் இரண்டு மூன்று புகைப்படங்கள் அவ்வளவு இடம் பிடிக்கும். அதற்குள் இருக்கும் நிரலை, நிண்டெண்டோவிடம் ஒரு வரிகூட வாங்காமல், ரசிகர்கள் சிலர் 2019வாக்கில் சி மொழியில் திரும்ப எழுதிவிட்டார்கள். அவர்கள் எழுதியதைக் கம்பைல் செய்தால், அதாவது செயலிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றினால், அசல் கார்ட்ரிட்ஜில் உள்ளதே வரும். ஒரு பைட்கூட மாறாது.

மறு ஆண்டு ஜூலையில் நிண்டெண்டோவின் உள்கோப்புகள் பெருமளவில் கசிந்தன. மரியோ 64இன் அசல் மூலநிரலும், அதாவது நிரலாளர்கள் எழுதிய வடிவமும், அதில் இருந்தது. சரக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் இத்தகைய திட்டங்களில் வேலை செய்பவர்கள் கசிந்ததைப் பக்கத்திலேயே சேர்ப்பதில்லை. ஏன் என்று புரிய, முதலில் கம்பைலர் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

அரிசியும் உளுந்தும் போட்டு அரைத்தால் மாவு வரும். மாவைப் பிசைந்து அரிசியைத் திரும்பப் பொறுக்க முடியாது. மூலநிரலில் 'மரியோவின் வேகம்' என்று பெயர் வைத்திருந்த ஒன்று, அரைத்தபின் வெறும் நினைவக முகவரி. நிரலாளர் ஓரத்தில் எழுதிய குறிப்புகளெல்லாம் போய்விடும். மிஞ்சுவது செயலிக்கான கட்டளைகள்: இந்த எண்ணை எடு, அதோடு கூட்டு, அங்கே வை.

ரசிகர்கள் செய்தது வேறு வேலை. மாவைப் பிரிக்கவில்லை, அதே மாவு வரும்வரை திரும்பத் திரும்ப அரைத்தார்கள். நிரலின் ஒரு சிறு துண்டை எடுத்து, இது இன்னதைத்தான் செய்கிறது என்று ஊகித்து, சியில் எழுதி, கம்பைல் செய்து, அசலோடு ஒப்பிடுவார்கள். இரண்டு கட்டளை இடம் மாறியிருந்தால் மறுபடி முதலிலிருந்து. இதற்குக் கிரைண்டரும் அதே பழைய கிரைண்டராக இருக்க வேண்டும்: சிலிக்கான் கிராஃபிக்ஸ் கணினிகளில் அக்காலத்தில் இருந்த அதே கம்பைலர்.

ஓர் அதிர்ஷ்டமும் சேர்ந்தது. கம்பைலர்கள் வேகத்துக்காக நிரலைக் கலைத்து அடுக்கும்; தேவையற்ற வரிகளைத் தூக்கிவிடும். ஜப்பானிய, அமெரிக்கப் பதிப்புகளில் அந்த மேம்படுத்தலைப் போடாமலேயே விட்டிருந்தார்கள். அதனால் மூலத்தில் என்ன வரிசையோ அதே வரிசையில் கட்டளைகள் கிடந்தன. அரைகுறையாக அரைத்த மாவில் நொய் தட்டுப்படுமே, அப்படி.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? நம் பத்திரிகைகள் பதிப்புரிமையையும் காப்புரிமையையும் அடிக்கடி குழப்பிவிடுகின்றன. கண்டுபிடிப்புக்குத் தருவது காப்புரிமை. நிரல் எழுதப்பட்ட விதத்துக்கு இருப்பது பதிப்புரிமை. அது வேலை செய்யும் முறைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 1992இல், சில வார இடைவெளியில், அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் இரண்டு தீர்ப்புகள் தந்தன. சேகா நிறுவனத்தின் விளையாட்டுகளைப் பிரித்துப் படித்து, அதன் ஜெனசிஸ் விளையாட்டுக் கருவி எதை எதிர்பார்க்கிறது என்று குறிப்பெடுத்து, அதை வைத்துத் தன் சொந்த விளையாட்டுகளை எழுதியது அக்கோலேட் என்ற விளையாட்டு நிறுவனம். அந்தத் தகவலைப் பெற வேறு வழியில்லாதபோது இப்படிப் பிரித்துப் படிப்பது பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கும் நியாயமான பயன்பாடே என்றது நீதிமன்றம்.

மற்றது அட்டாரி கேம்ஸ் வழக்கு. அனுமதியில்லாத கார்ட்ரிட்ஜ்களை ஓடவிடாத நிண்டெண்டோவின் பூட்டுச் சில்லை அட்டாரிக்காரர்கள் சுரண்டிப் பார்த்தும் முழுதாகப் புரியவில்லை. வழக்கு ஒன்றில் தேவைப்படுகிறது என்று பொய் சொல்லி, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் இருந்த மூலநிரலின் நகலையே வாங்கிவிட்டார்கள். பிரித்துப் படிப்பது குற்றமில்லை என்று அந்த நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. ஆனால் கையில் இருக்கும் பிரதி முறையாக வந்ததாக இருக்க வேண்டும் என்றது. அட்டாரி தோற்றது.

கசிந்த நிரல் தீட்டாவது இதனால்தான். ஒரு முறை படித்துவிட்டால், பிறகு நீங்கள் சொந்தமாக எழுதும் வரியும் சந்தேகத்துக்குரியது. அதற்காக ரசிகர்கள் கண்டுபிடித்த வழி சட்டப்படி முழுச் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். அசலோடு பைட்டுக்குப் பைட் ஒத்துப்போகும் ஒன்றை 'வேறு படைப்பு' என்று வாதாடுவது கடினம். படங்களையும் ஒலிகளையும் சேர்க்காமல், அவற்றை உங்கள் சொந்தக் கார்ட்ரிட்ஜிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான்.

கசிவால் ஒன்றுமே கிடைக்கவில்லையா என்றால், லூயிஜி கிடைத்தான். நினைவகம் போதாமல் மரியோ 64இலிருந்து நீக்கப்பட்ட மரியோவின் தம்பி அவன். கோட்டை முற்றத்துச் சிலையில் 'எல் நிஜம்', அதாவது லூயிஜி நிஜம், என்று எழுதியிருப்பதாக ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் மங்கலான படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கசிந்த கோப்புகளில் அவனுடைய உடற்பாகங்கள் தனித்தனியாகக் கிடந்தன. வரலாற்று ஆர்வலருக்கு அது புதையல். புது விளையாட்டு எழுதுபவருக்கு உதவாது.

உரிமையாளரே கதவைத் திறந்தால் கதை வேறு. 1997 டிசம்பரில் டூம் என்ற சுடும் விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக் அதன் மூலநிரலை வெளியிட்டார். ஒலிக்கான பகுதி வேறொருவருடையது என்பதால் அதை மட்டும் விட்டுவிட்டார். படங்களும் வரைபடங்களும் விற்பனைச் சரக்காகவே நீடித்தன. அன்றிலிருந்து டூம் ஓடாத கருவி இல்லை. 2016இல் புது டூம் வந்தபோதும் வாங்க ஆள் குறையவில்லை.

நிண்டெண்டோ அப்படித் திறக்கவில்லை. ரசிகர்களின் நிரலிலிருந்து பிறந்த கணினிப் பதிப்பு, 2020 மே மாதம், மரியோவை அகலத் திரையில் ஓடவிட்டது. நிறுவனம் பதிவிறக்க இணைப்புகளை நீக்கவைத்தது. அசல் நிரலைக் கையில் வைத்திருந்த அதே நிறுவனம் செப்டம்பரில் ஸ்விட்ச் கருவிக்கு வெளியிட்ட தொகுப்பில் மரியோ 64 பழைய சதுரத் திரையிலேயே, இருபுறமும் கறுப்புப் பட்டையோடு ஓடியது. 2021 மார்ச் 31க்குப் பிறகு அதையும் விற்பதை நிறுத்திவிட்டார்கள்.