நொண்டும் குதிரைக்கு மரப்பு ஊசி: எதற்காகப் போடுகிறோம்?

"அன்றைக்கு ஒரு ஊசி போட்டீர்களே, குதிரை ஜோராக ஓடியதே, அதையே இன்னொரு தடவை போட்டுவிடுங்கள்." இந்த வாரமும் ஒருவர் வந்து கேட்டார். விசாரித்தால், ஊசி போட்ட அன்றே ஏறிச் சவாரி செய்திருக்கிறார். கால் இப்போது முன்னைவிட மோசம்.

அந்த ஊசி வைத்தியமே இல்லை. காலின் ஒரு பகுதிக்குப் போகும் நரம்பை மரக்கச் செய்து, நொண்டல் குறைகிறதா என்று பார்க்கிறோம். குறைந்தால் வலி அங்கே இருக்கிறது. இல்லையென்றால் அடுத்த இடம். தேய்ந்த மூட்டோ கிழிந்த தசைநாரோ இதனால் ஆறுவதில்லை. மெபிவகெய்ன் என்ற மரப்பு மருந்தைப் போட்டால் இரண்டு மூன்று மணி நேரம் வலி தெரியாது, அவ்வளவுதான். வலி தெரியாத குதிரை அடிபட்ட காலிலேயே முழு எடையையும் போடும். எலும்பில் விரிசல் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் நான் மரப்பு ஊசியைத் தொடுவதே இல்லை, முதலில் எக்ஸ்-ரேதான். மரத்த காலோடு ஓடினால் சின்ன விரிசல்கூட முழு முறிவாகிவிடலாம்.

"தோளில்தான் வலி, கீழே ஏன் குத்துகிறீர்கள்?" என்பார்கள். முன்னங்கால் நொண்டலில் பெரும்பாலும் வலி குளம்பில்தான். மேலே முதலில் மரக்கச் செய்தால் கீழே உள்ள அத்தனையும் சேர்ந்து மரத்துவிடும். அப்புறம் வலி எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் கீழிருந்து மேலே போகிறோம். ஐந்து, பத்து நிமிடம் பொறுத்து, மரத்துவிட்டதா என்று பேனா முனையால் தோலை அழுத்திப் பார்த்து, மறுபடி ஓடவிடுவோம். ரொம்ப நேரம் விட்டாலும் மருந்து மேலே பரவிக் குழப்பும்.

சில சமயம் ஒரு கால் சரியானதும் மறுகால் நொண்டும். ஊசி நல்ல காலைக் கெடுத்துவிட்டது என்று கோபப்படாதீர்கள். இரண்டிலுமே வலி இருந்திருக்கிறது, அதிகம் வலித்தது மற்றதை மறைத்திருக்கிறது.

வலி மருந்து கொடுத்துவிட்டு அழைத்து வராதீர்கள். நொண்டாத குதிரையில் எதைச் சோதிப்பது? ஃபினைல்பியூட்டசோன் என்ற வலி மருந்தை ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். குதிரையைப் பிடிக்கப் பழகிய ஆளோடு வாருங்கள். ஊசிக்குப் பிறகு அன்று சவாரி கிடையாது, கொட்டிலில் நிற்கட்டும். இடம் தெரிந்ததும் எழுதிக்கொடுக்கும் எக்ஸ்-ரேயையும் ஸ்கேனையும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். வலி எந்த இடத்தில் என்பதுதான் ஊசியில் தெரியும். அங்கே என்ன கெட்டிருக்கிறது என்று அவற்றில் பார்த்த பிறகுதான் வைத்தியத்தையே தொடங்க முடியும்.