“என் உடம்புக்கு அந்த மருந்து கேக்காது டாக்டர்”

போன மாதம் மறுபடியும் ஒரு பச்சை உடம்புக்காரி வந்தார். குழந்தை பிறந்து 24 நாள், இடது மார்பில் சீழ்க்கட்டி. மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை 4 நாள், தெருமுனை கிளினிக்கில் ஊசி 3 நாள், நடுவில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்ட பத்து. எல்லாம் முடிந்து எங்களிடம் வந்து சேர்ந்தபோது 102 டிகிரி காய்ச்சல். சர்ஜன் கீறிச் சீழை எடுத்து லேபுக்கு அனுப்பினார். நான் மைக்ரோபயாலஜிஸ்ட், நோயாளியை விட அவர்களுடைய சீழையும் ரத்தத்தையும்தான் அதிகம் பார்க்கிறவள். மூன்றாம் நாள் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன்: எம்.ஆர்.எஸ்.ஏ., வழக்கமாகக் கொடுக்கிற பல ஆன்டிபயாடிக்குகள் கேட்காத கிருமி. இந்த வருடம் பிரசவம் முடிந்த தாய்மார்களில் எத்தனையாவது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் மாமியார் லேபுக்கே வந்துவிட்டார். “மேடம், இந்தப் பொண்ணு தலைவலிக்குக்கூட மாத்திரை போடாது. இவ உடம்பு எப்படி மருந்துக்குப் பழகும்? ரிப்போர்ட் மாறிப்போச்சா பாருங்க.”

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். படித்தவர், படிக்காதவர் வித்தியாசமே இல்லை, இன்ஜினியர்கூட “என் உடம்புக்கு அமாக்ஸிசிலின் எல்லாம் கேக்காது டாக்டர், பவரா ஏதாவது எழுதுங்க” என்கிறார். உடம்பு எந்த ஆன்டிபயாடிக்குக்கும் பழகுவதில்லை. கிருமி பழகுகிறது. மருந்து வேலை செய்ய வேண்டியது உங்கள் மேல் இல்லை, உங்களுக்குள் இருக்கிற கிருமியின் மேல்.

நம்பாத அந்த அம்மாவை உள்ளே கூப்பிட்டு, மருமகளின் தட்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டினேன். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு, அதில் வெளிர் மஞ்சளாக ஜெல்லி. அதன் மேல் கிருமியைப் பஞ்சுக் குச்சியால் பூசி, பொட்டு அளவு காகித வில்லைகளை வைத்திருப்போம். ஒவ்வொரு வில்லையிலும் ஒரு மருந்து. ராத்திரி முழுக்க இன்குபேட்டரில் இருக்கும். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றி நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டின மாதிரி வட்டமாகக் காலி இடம் இருக்கும், கேட்காவிட்டால் கிருமி வில்லையின் விளிம்பு வரை வளர்ந்து வந்து நிற்கும். எம்.ஆர்.எஸ்.ஏ.-வைக் கண்டுபிடிக்க வைக்கிற செஃபாக்ஸிடின் என்ற மருந்து வில்லையைச் சுற்றிக் காலி இடமே இல்லை. “அம்மா, இந்தத் தட்டுல உங்க மருமக உடம்பு எங்க இருக்கு?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தார். “அப்ப இது வெளியிலிருந்து வந்ததா?” என்றார். அதேதான். வேறு யாரோ வருஷக்கணக்காக அரைகுறையாக விழுங்கிய மாத்திரைகளில் தப்பிப் பிழைத்த கிருமி, அதற்கு முன் ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாத உங்கள் வீட்டுப் பெண்ணிடம் வந்து ஏறிக்கொள்ளும். கைவழியாக வரும், துண்டுவழியாக வரும். “நான் ஆன்டிபயாடிக்கே சாப்பிட்டதில்லை, எனக்கென்ன” என்று இருக்க முடியாதது இதனால்தான்.

பெயரைப் பார்த்துப் பயந்து கூகுளில் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் புதுக் கிருமி இல்லை. ஏறக்குறைய 100-க்கு 30 பேர் மூக்கில் எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கிறது. மெத்திசிலின் கேட்காத வகைதான் எம்.ஆர்.எஸ்.ஏ. அந்த மருந்து வந்த ஓரிரு வருடத்திலேயே, 1961-ல், அது கேட்காத கிருமியை இங்கிலாந்தில் பாட்ரிசியா ஜெவன்ஸ் கண்டுபிடித்து எழுதிவிட்டார். மெத்திசிலினை இப்போது யாரும் நோயாளிக்குக் கொடுப்பதில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நம் நாட்டுப் பெரிய ஆஸ்பத்திரி லேபுகளில் கிடைக்கிற ஸ்டாஃப் ஆரியஸில் சுமார் 10-க்கு 4 இந்த வகைதான். மருந்தே கிடையாது என்று அர்த்தமில்லை. அந்தப் பெண்ணின் ரிப்போர்ட்டிலேயே கேட்கிற மருந்து நான்கு இருந்தது. எது கேட்கும் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் அந்த ஏழு நாள் வீணாகியிருக்காது, அவ்வளவுதான்.

சரி, எங்கிருந்து வந்தது? பேச்சுவாக்கில் விஷயம் வெளியே வந்தது. மாமனாருக்குச் சர்க்கரை, 4 மாதமாகக் காலில் ஆறாத புண், நடுவில் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். காலையில் மகன்தான் கட்டு மாற்றுவார், மாற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்குவார். கை கழுவுவாரா என்று கேட்டேன். “தண்ணியில அலசுவான் மேடம்.” மாமனாரின் புண்ணிலும் கல்ச்சர், அதாவது கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கிற சோதனை, எடுத்தோம். அதே எம்.ஆர்.எஸ்.ஏ., கேட்கிற மருந்துகளும் கேட்காத மருந்துகளும் வரிசையாக அப்படியே. மரபணு வரை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, அதனால் அங்கிருந்துதான் வந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பிரசவ வார்டிலிருந்தும் வந்திருக்கலாம், அதை மறைக்கவும் மாட்டேன்.

ஆஸ்பத்திரிப் பக்கம் எங்கள் தவறு நிறைய. கையுறை போட்டிருக்கிறோமே என்று அதே கையுறையோடு மூன்று கட்டில் போகிறவர்களை ரவுண்ட்ஸில் இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கையுறை கை கழுவியதற்குச் சமம் ஆகாது. உங்களைத் தொடுவதற்கு முன் டாக்டரோ நர்ஸோ கையில் சானிடைசர் தடவவில்லை என்றால் தயவுசெய்து கேளுங்கள். யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ட்ரிப்ஸ் ஏற்றக் கையில் போட்ட வென்ஃப்ளான் என்ற ஊசிக்குழாய் எந்தத் தேதியில் போட்டது என்று பார்த்து வையுங்கள், அந்த இடம் சிவந்தாலோ வலித்தாலோ உடனே சொல்லுங்கள், ட்ரிப்ஸ் நின்ற பிறகும் “இருக்கட்டும், நாளைக்கு எடுக்கலாம்” என்றால் ஏன் என்று கேளுங்கள். ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி வீட்டிலேயே பிளேடால் மழித்துவிட்டு வராதீர்கள்! பிளேடு போடுகிற கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒவ்வொன்றும் கிருமிக்கு வாசல். முடியை எடுத்தே ஆகவேண்டும் என்றால் நாங்கள் கிளிப்பரால் எடுத்துக்கொள்வோம். அப்புறம், பார்க்க வருகிறவர்கள் கட்டிலில் உட்கார்ந்து, கட்டைத் தொட்டுப் பார்த்து, “ஆறிடுச்சா?” என்று தூக்கிப் பார்க்கிற பழக்கம். வேண்டாம். அன்பைத் தள்ளி நின்று காட்டலாம்.

வீட்டில் முக்கியமான வேலை கைக்குத்தான். புண்ணுக்குக் கட்டு மாற்றுவதற்கு முன் ஒரு முறை, மாற்றிய பின் ஒரு முறை, சோப்புப் போட்டு, விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்து. பழைய பஞ்சைக் கவரில் கட்டிப் போடுங்கள், திண்ணையில் வைக்காதீர்கள். குளிக்கிற துண்டு ஆளுக்கு ஒன்று. ரேசரும் அப்படியே. சலூனில் புது பிளேடு மாட்டுவதைக் கண்ணால் பாருங்கள். ஆனால் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று தெரிந்த உடனே அந்த ஆளுக்குத் தனித் தட்டு, தனி அறை என்று ஒதுக்கி வைப்பதையும் பார்க்கிறேன், அது என் மனதை மிகவும் வருத்துகிறது. புண்ணை நன்றாக மூடியிருந்து, கையும் சுத்தமாக இருந்தால் பேரனைத் தூக்கலாம், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

கட்டி வந்தால் பிதுக்காதீர்கள், மூக்கு, மேலுதடு பக்கம் வந்தால் கை வைக்கவே வைக்காதீர்கள், அங்கிருந்து மூளைப் பக்கம் பரவ வழி இருக்கிறது. வெயில் சூட்டுக் கட்டி, மாம்பழம் தின்றதால் வந்த கட்டி என்று சமாதானம் சொல்லிக்கொள்ளும்போதே சிவப்பு பரவிக்கொண்டிருந்தால், காய்ச்சல் இருந்தால், சர்க்கரை உள்ளவராகவோ கைக்குழந்தையாகவோ இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். சீழ் பிடித்துவிட்டால் அதை வெளியே எடுப்பதுதான் வைத்தியம், உள்ளே தேங்கிய சீழுக்குள் மாத்திரை சரியாகப் போய்ச் சேராது. கீறி எடுக்கும்போது ஒரே ஒரு வார்த்தை கேளுங்கள்: “கல்ச்சருக்கு அனுப்புறீங்களா?” எத்தனையோ சீழ் குப்பைத் தொட்டிக்குப் போகிறது. எங்களிடம் வந்திருந்தால் எந்த மருந்து கேட்கும் என்று சொல்லியிருப்போம். முடிந்தால் முதல் ஆன்டிபயாடிக்குக்கு முன்னாலேயே எடுத்துவிடச் சொல்லுங்கள். அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருந்தால் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள், கடைக்காரர் தெரிந்தவரே ஆனாலும். போன தடவை மிச்சம் வைத்த நாலு மாத்திரையை வீட்டில் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

அந்தப் பெண்ணுக்குப் புண் ஆறிவிட்டது. வலது மார்பில் ஒரு நாளும் நிறுத்தாமல் பால் கொடுத்தார், இடது பக்கம் தேங்கவிடாமல் எடுத்துக்கொண்டே இருந்தார். கடைசி டிரெஸ்ஸிங் அன்று மாமியார் லேபுக்கு வந்து எட்டிப் பார்த்தார். கையில் மருமகளின் கல்ச்சர் ரிப்போர்ட், லேமினேட் செய்திருந்தார். “எந்த டாக்டர்ட்ட போனாலும் இதைக் காட்டணும்ல மேடம்?”

“ஆமாம்மா. சார் கால்ல எடுத்த ரிப்போர்ட்டும் இருக்கு, அதையும் எடுத்து வையுங்க. அவரை எங்கே அட்மிட் பண்ணினாலும் முதல்ல அதைக் காட்டுங்க.”