விருதுக்கு விண்ணப்பிக்கும் முன் ஆர்டர் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்

"ஐ.எஸ்.ஓ. 9001 தரச் சர்டிபிகேட் வாங்கியாச்சு, அடுத்து ஏதாவது தர விருதுக்குப் போடலாமா?" சிறு நிறுவன முதலாளிகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தாராளமாகப் போடலாம். ஆனால் சர்டிபிகேட்டுக்குத் தயாரான அதே பாணியில் விருதுக்கும் தயாரானால் முதல் சுற்றைத் தாண்டுவதே கஷ்டம். சர்டிபிகேட் ஆடிட்டர் பெரும்பாலும் பார்ப்பது, சொன்னபடி செய்கிறீர்களா என்பதை. விருது மதிப்பீட்டாளர் அதோடு விடமாட்டார். அப்படிச் செய்ததால் என்ன கிடைத்தது, போன வருடத்தைவிடத் தேறியிருக்கிறீர்களா, இதே வேலையைச் செய்யும் மற்றவர்களோடு வைத்துப் பார்த்தால் எங்கே நிற்கிறீர்கள் என்று போய்க்கொண்டே இருப்பார். இதற்கெல்லாம் ஐ.எஸ்.ஓ. கோப்பில் பதில் கிடைக்காது.

முதலில் அது விருதுதானா என்று பாருங்கள். நீங்கள் விண்ணப்பிக்காமலே, "உங்கள் நிறுவனம் இந்த ஆண்டின் சிறந்த நிறுவனமாகத் தேர்வாகியிருக்கிறது, விழாக் கட்டணத்தைக் கட்டி உறுதிசெய்யுங்கள்" என்று மின்னஞ்சல் வந்தால், அவர்கள் கேடயம் விற்கிறார்கள், அவ்வளவுதான். உண்மையான தர விருதில் எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பது முன்கூட்டியே வெளியாகியிருக்கும். பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர்கள் விண்ணப்பத்தைத் தனித்தனியாகப் படித்து, அப்புறம் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வருவார்கள். முன்னேறியவர்களின் இடத்துக்கு நேரில் வருவார்கள். விருது கிடைக்காவிட்டாலும் எழுத்தில் பின்னூட்டம் தருவார்கள். கட்டணம் இங்கேயும் உண்டு. நேரில் வருபவர்களின் பயணம், தங்குமிடம் எல்லாம் உங்கள் செலவாகவும் இருக்கலாம். விண்ணப்பப் படிவத்தைத் தொடும் முன்பே மொத்தச் செலவு என்ன ஆகும் என்று கேட்டுவிடுங்கள். பெரிய நிறுவனத்துக்குக் கண்ணில் படாத தொகை உங்களுக்கு ஒரு மாதச் சம்பளப் பட்டியலாக இருக்கலாம்.

சிறியவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்ற தயக்கம் வேண்டாம். டெமிங் பரிசு என்ற தர விருது ஜப்பானில் 1951-லேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் தேசியத் தர விருதான பால்ட்ரிஜ் விருது 1987-ல் சட்டமாகி, 1988-ல் முதல்முறையாக வழங்கப்பட்டது. மோட்டோரோலா வென்ற அந்த முதல் வருடத்திலேயே, சிறு தொழில் என்ற தனிப் பிரிவில் குளோப் மெட்டலர்ஜிகல் என்ற உலோகக் கலவை நிறுவனமும் வென்றது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? பெரும்பாலானவர்கள் விண்ணப்பத்தின் முதல் கேள்வியிலிருந்து தொடங்குகிறார்கள். தலைமை, தொலைநோக்கு, விழுமியங்கள் என்று பக்கம் பக்கமாக எழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் வாக்குவாதம் நடத்தி, முடிவுகள் (செய்ததால் கிடைத்த பலன்கள்) பகுதிக்கு வந்து சேரும்போது கடைசித் தேதி கதவைத் தட்டும். கம்ப்யூட்டரில் கிடைத்த ஏதோ ஒரு சார்ட்டை ஒட்டி அனுப்பிவிடுவார்கள். மதிப்பெண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பால்ட்ரிஜ் அளவுகோலில் மொத்தம் 1000-ல் 450 மதிப்பெண் பல ஆண்டுகளாக முடிவுகளுக்கே இருந்தது. ஐரோப்பாவின் ஈ.எஃப்.க்யூ.எம். என்ற தர அமைப்பின் 2020 மாதிரியில் 1000-ல் 400. அதனால் நான் கடைசிப் பகுதியிலிருந்து தொடங்கச் சொல்வேன். கையில் என்ன எண்கள் இருக்கின்றன, அவற்றை நம்பலாமா? இதற்கு விடை தெரியாமல் ஒரு வாக்கியம்கூட எழுதாதீர்கள்.

நம்பலாமா என்று கேட்பது சும்மா இல்லை. ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் பெருமையாகக் காட்டும் ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம்: சொன்ன தேதியில் டெலிவரி. "எங்களுடையது 96 சதவீதம் சார்" என்பார்கள். ஆர்டர் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லி ஒரு மாதப் பக்கங்களைச் சேர்ந்து புரட்டினால் விஷயம் புரியும். வாடிக்கையாளர் ஆர்டரில் கேட்டிருப்பது 10-ம் தேதி. நாம் ஒப்புக்கொண்டது 14. மெட்டீரியல் வரத் தாமதமானதும் போன் போட்டு 19 என்று மாற்றிக்கொண்டோம். சரக்கு கிளம்பியது 18. சிஸ்டத்தில் இருப்பது கடைசியாக மாற்றிய தேதி மட்டும் என்பதால், இந்த ஆர்டர் ஒரு நாள் முன்னதாகவே போனதாகக் கணக்காகிவிடும்! அந்த வாடிக்கையாளரைக் கேட்டால் எட்டு நாள் தாமதம் என்பார்.

யாரும் ஏமாற்றவில்லை. எந்தத் தேதியை வைத்து அளப்பது என்று யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை, அவ்வளவுதான். கேட்ட தேதி, முதலில் ஒப்புக்கொண்ட தேதி, மாற்றிய தேதி, அனுப்பிய தேதி என்று நான்கு கட்டங்கள் இன்றே போட்டுவிடுங்கள். முதலில் ஒப்புக்கொண்ட தேதியை வைத்துக் கணக்கிட்டால் 96 என்பது 70-களில் வந்து நிற்கலாம். முதலாளியின் முகம் சுருங்கும். ஆனாலும் விண்ணப்பத்தில் போக வேண்டியது அந்த எண்தான். எப்படி அளந்தீர்கள் என்பதைத் தெளிவாக எழுதி, 71-லிருந்து 78, பிறகு 84 என்று ஏறுவதைக் காட்டும் நிறுவனத்தை மதிப்பீட்டாளர் நம்புவார். எங்கிருந்து வந்தது என்று தெரியாத 96-ஐ அவரால் எதுவும் செய்ய முடியாது.

ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லவே மூன்று புள்ளியாவது வேண்டும். பல அளவுகோல்கள் எதிர்பார்ப்பதும் குறைந்தபட்சம் அதைத்தான். வருடக் கணக்கில் எண் இல்லையென்றால் காலாண்டுக் கணக்கில் காட்டுங்கள். அதுவும் இல்லையென்றால் இந்த வருடம் விண்ணப்பிக்காதீர்கள். அளக்கத் தொடங்குங்கள், விருது எங்கேயும் ஓடிப்போகாது. அளப்பதிலும் பேராசை வேண்டாம். டெலிவரி, ரிஜெக்‌ஷன், வாடிக்கையாளர் புகார், ஆட்கள் வேலையை விட்டுப் போவது, பணம் வசூலாகும் நாட்கள் என்று பத்துப் பன்னிரண்டு எண்கள் போதும். நாற்பது சார்ட் போட்டவர்கள் ஒன்றையும் பார்ப்பதில்லை.

ஒப்பீடு என்ற இடத்தில் சிறு நிறுவனங்கள் மொத்தமாகக் கைவிரித்துவிடுகின்றன. "போட்டியாளர் எண் எனக்கு எப்படித் தெரியும்?" நியாயமான கேள்விதான். ஆனால் பெரிய வாடிக்கையாளர்கள் பலர் தங்கள் சப்ளையர்களுக்கு மாதாமாதம் தரவரிசை போடுகிறார்கள். உங்கள் இடம் என்ன, முதலில் இருப்பவரின் மதிப்பெண் என்ன என்று கேட்டால் பெயரை மறைத்தாவது சொல்வார்கள். தொழில் சங்கங்கள் சராசரிகளைத் திரட்டுவதுண்டு. உங்கள் தொழிலே இல்லாத, ஆனால் அதே வேலை நடக்கும் இடத்தோடும் ஒப்பிடலாம். பில் போடுவதில் வரும் பிழை எல்லா நிறுவனத்திலும் பிழைதானே? எதுவுமே கிடைக்காவிட்டால் ஒப்பீடு இல்லை என்று நேராக எழுதிவிட்டு, அதைத் தேட என்ன செய்கிறீர்கள் என்று இரண்டு வரி சேருங்கள்.

எண்கள் கைக்கு வந்தபின் எழுதுவது சுலபம். பலர் இப்படி எழுதுகிறார்கள்: "எங்கள் நிறுவனம் வாடிக்கையாளர் திருப்திக்கு முதலிடம் அளிக்கிறது. புகார்கள் உடனுக்குடன் தீர்க்கப்படுகின்றன." பெயரை மாற்றினால் உலகத்தில் எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும். அதே நிறுவனம் உண்மையில் செய்வதைக் கேட்டு எழுதினால் இப்படி வரும்: "புகார் போனில் வந்தாலும் வாட்ஸ்அப்பில் வந்தாலும், எடுத்தவர் அன்றே ரிஜிஸ்டரில் பதிகிறார். மறுநாள் காலை பத்து நிமிடம் உற்பத்தி, பேக்கிங், விற்பனை மூவரும் நின்றபடி அதைப் பார்க்கிறார்கள். ஒரே புகார் இரண்டாம் முறை வந்தால் காரணம் கண்டுபிடிக்கும் வரை அது பட்டியலில் இருக்கும். இப்படித்தான் லேபிள் மாறிப்போகும் புகார் பிடிபட்டது. அதன்பின் இரண்டு பொருளுக்கும் வேறு வேறு நிறத்தில் லேபிள் வைத்தோம்." இதில் வழிமுறை இருக்கிறது, எல்லாரிடமும் போய்ச் சேர்ந்திருக்கிறது, கற்றுக்கொண்டு திருத்தியதும் இருக்கிறது. மதிப்பெண் விளக்கக் குறிப்பு தேடுவது இவற்றைத்தான். இந்த வேலையை வெளி கன்சல்டன்ட்டிடம் மொத்தமாக விடாதீர்கள். (நானும் அந்தத் தொழில் செய்பவன்தான், இருந்தாலும் சொல்கிறேன்.) கேள்வி கேட்க, இடைவெளியைக் காட்ட எங்களைக் கூப்பிடுங்கள். ஆர்டர் பார்ப்பவர், உற்பத்தி பார்ப்பவர், கணக்கு பார்ப்பவர் மூவரும் உட்கார்ந்து எழுதட்டும். நடை கரடுமுரடாக இருந்தால் இருக்கட்டும்.

ஏனென்றால் நேரில் வரும்போது மதிப்பீட்டாளர் கன்சல்டன்ட்டிடம் பேசமாட்டார். பேக்கிங் மேசையில் நிற்கும் பெண்ணிடம் போய், "அம்மா, பெட்டி திரும்பி வந்தால் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்பார். அவர் ரிஜிஸ்டரை எடுத்து நீட்டி, போன வாரம் எழுதிய வரியைக் காட்டினால் போதும். அதற்குப் பதில் தொலைநோக்கு வாசகத்தை ஒப்பித்தால் அங்கேயே சந்தேகம் கிளம்பும். ஆய்வுக்கு முதல் நாள் சுவரில் ஏறிய சார்ட்டுகளைக் கண்டுபிடிக்கவும் பெரிய திறமை தேவையில்லை. பன்னிரண்டு மாத எண்களும் ஒரே பேனாவில் எழுதியிருக்கும், ஒரு மூலைகூட மடங்கியிருக்காது. பயன்பாட்டில் இருக்கும் சார்ட்டில் கை அழுக்கு இருக்கும், அடித்துத் திருத்திய எண் இருக்கும், ஓரத்தில் யாரோ கிறுக்கிய காரணம் இருக்கும். அதை அப்படியே விட்டுவையுங்கள்.

சிறு நிறுவனத்துக்கு ஒரு வசதி, முதலாளி காலையில் சொன்னது மதியத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஆயிரம் பேர் இருக்கும் இடத்தில் அது வருடக் கணக்கில் நடக்கும் வேலை. சங்கடமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. விலை போடுவது, கடன் தருவது, எந்த ஆர்டரை முதலில் ஓட்டுவது எல்லாம் முதலாளியின் மண்டைக்குள். "நீங்கள் இரண்டு வாரம் ஊரில் இல்லையென்றால் இவற்றை யார் முடிவு செய்வார்?" என்பது நேர்காணலில் வரக்கூடிய கேள்வி. போனில் கேட்டுக்கொள்வார்கள் என்றால் மதிப்பெண் போயிற்று. எந்தத் தொகை வரை யார் முடிவெடுக்கலாம் என்று அரைப் பக்கம் எழுதி, உண்மையாகவே இரண்டு வாரம் விலகியிருந்து பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1990-ல் பால்ட்ரிஜ் சிறு தொழில் பிரிவில் வென்ற வாலஸ் என்ற குழாய், வால்வு விநியோக நிறுவனம் 1992-ல் திவால் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. விருது வாங்கியதுதான் அதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் தர விருது சந்தைச் சரிவிலிருந்து காப்பாற்றாது என்பது அதோடு தெளிவாகிவிட்டது. வசூல் தள்ளிப்போய் ரொக்கம் இறுகியிருக்கும் வருடத்தில் இதில் இறங்காதீர்கள். விண்ணப்பம் எழுதுவது உங்களிடம் இருக்கும் மிகத் திறமையான மூன்று பேரின் நேரத்தைத் தின்னும், அவர்கள்தான் வசூலுக்கும் அலைய வேண்டியவர்கள்.

அனுப்பி முடித்துச் சில மாதம் கழித்துப் பின்னூட்ட அறிக்கை வரும். பலங்கள் ஒரு பக்கம், மேம்படுத்த வேண்டியவை இன்னொரு பக்கம். முதல் முறை விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டாவது பட்டியல் நீளமாகவே இருக்கும், அதில் சிலது உங்கள் தொழிலைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் எழுதியதாகவும் தோன்றும். முதலாளி தன் அறையில் தனியாகப் படித்துவிட்டு மேசை இழுப்பறையில் போடக் கூடாது. எழுதிய மூவரையும் கூப்பிட்டு வைத்து வரிவரியாகப் படியுங்கள். ஒரே குறை வேறு வேறு பகுதிகளில் திரும்பத் திரும்ப வந்திருந்தால் அதை வட்டமிடுங்கள், அங்கேதான் உண்மையான வேலை. அப்படி இரண்டு மூன்றை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளையும் ஓர் எண்ணையும் எழுதிவிடுங்கள். அந்த எண் மூன்று காலாண்டு தொடர்ந்து நகர்ந்ததா என்று பார்த்த பிறகு அடுத்த விண்ணப்பப் படிவத்தை வாங்கலாம்.