இன்சுலின் ஊசியை பிஸ்கட் கவரில் திணிக்காதீர்கள்

போன வாரம் எங்கள் குப்பை பிரிக்கும் கூடத்தில் மறுபடியும் நடந்தது. மக்காத குப்பை மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் திடீரென்று கையை உதறினார். ஒரு பிஸ்கட் கவர். அதற்குள் சுருட்டித் திணித்த ஏழெட்டு இன்சுலின் ஊசிகள். கையுறை போட்டிருந்தாரா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். போட்டிருந்தார். எங்கள் ரப்பர் கையுறை அழுக்கைத் தடுக்கும், ஊசியைத் தடுக்காது.

சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். யார் குத்திய ஊசி என்று தெரியாது. அதனால் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி என மூன்றுக்கும் ரத்தம் எடுத்தார்கள். தடுப்பு மாத்திரை வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்தால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விழுங்க வேண்டும். "காய்ந்துபோன பழைய ஊசிதானே" என்று ஆறுதல் சொல்லவும் வழியில்லை. ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே ஏழு நாளானாலும் உயிரோடிருக்கும். திரும்பி வரும்போது, "பிள்ளைகளோட ஒரே தட்டுல சாப்பிடலாமா சார்?" என்று கேட்டார் அந்த அக்கா. தாராளமாகச் சாப்பிடலாம் என்றேன். ஆறு மாதம் வரை அவருக்குப் பரிசோதனை இருக்கிறது.

மூட்டை வந்த தெருவுக்குப் போய்ப் பேசினேன். "அதெல்லாம் அங்க மெஷின் பிரிச்சிரும்லா மக்ளே?" என்றார் ஒரு பாட்டி. பாட்டியை விடுங்கள், பக்கத்து வீட்டு ஆசிரியரும் அதையேதான் சொன்னார். இந்த மெஷின் கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. எங்கள் கூடத்தில் தரையில் ஒரு தார்ப்பாய் விரித்திருக்கும். மூட்டையைக் கொட்டுவோம். ஆறு பேர் குனிந்து உட்கார்ந்து பால் கவர் தனி, தண்ணீர் பாட்டில் தனி, அட்டை தனி, சிப்ஸ் பாக்கெட் தனி என்று பொறுக்குவார்கள். இருக்கிற ஒரே இயந்திரம், பொறுக்கி முடித்த பிளாஸ்டிக்கை அமுக்கிக் கட்டும் இயந்திரம். அதற்குக் கண் கிடையாது. பெரிய நகரங்களில் பெல்ட் ஓடுகிறது என்கிறீர்களா? அந்த பெல்டின் இரண்டு பக்கமும் மனிதர்கள்தான் நிற்கிறார்கள். நீங்கள் முடிச்சுப் போட்ட ஒவ்வொரு கவரையும் ஒரு விரல் பிரிக்கிறது. மெஷின் இல்லை. விரல்.

வீட்டிலேயே மக்கும், மக்காத, அபாயகரமான குப்பை என மூன்றாகப் பிரிக்கச் சொல்லி 2016-லேயே திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லிவிட்டன. முதல் இரண்டையும் ஓரளவு பழகிவிட்டோம். மூன்றாவதற்கு வீட்டில் ஒரு டப்பாகூட இல்லை. ஊசி, உடைந்த டியூப் லைட், பேட்டரி, காலாவதி மாத்திரை எல்லாம் மக்காத குப்பையோடு வந்து விழுகின்றன.

"வண்டியில் எல்லாத்தையும் ஒண்ணாத்தான் கொட்டுறாங்க" என்பவர்களுக்கு: சில இடங்களில் அது உண்மை, மறுக்கவில்லை. மேற்பார்வையாளரிடம் சண்டை போடுங்கள். அதற்காக ஊசியைக் கலக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாளை மீன் கழுவிய தண்ணீரும் செதிளும் பால் கவருக்குள் திங்கட்கிழமை எங்களிடம் வருகின்றன. கவரைக் கழுவிக் கவிழ்த்து உலர்த்தினால் ஆக்கர் கடையில், அதாவது பழைய சாமான் கடையில் காசு, இல்லையென்றால் நாற்றம். அட்டையும் அப்படித்தான். நம் குமரி மாவட்டத்தில் ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. வாசலில் நனைந்த அட்டையை எடை போட யாரும் வாங்குவதில்லை. சானிட்டரி நாப்கினைத் தாளில் பொதிந்து தனியாகக் கொடுங்கள். தேங்காய்ச் சிரட்டையை மக்கும் குப்பையில் போடாதீர்கள், எங்கள் உரத் தொட்டியில் அது லேசில் மக்காது.

ஊசிக்கு வருகிறேன். கழிவறை சுத்தம் செய்யும் திரவம் வந்த கெட்டியான பாட்டில் வீட்டில் இருக்கும். அதைக் கழுவிக் காயவைத்து ஊசியை அதற்குள் போடுங்கள். தண்ணீர் பாட்டில் வேண்டாம். மெல்லியது, ஊசி துளைத்து வெளியே வரும், விலை போகும் என்பதால் எங்கள் ஆட்கள் கையிலும் எடுப்பார்கள். முக்கால்வாசி நிறைந்ததும் மூடி, டேப் சுற்றி, சிவப்பு மையில் 'ஊசி' என்று பெரிதாக எழுதுங்கள். இன்சுலின் பேனா ஊசியின் மூடியை மட்டும் நம்பாதீர்கள், வண்டி குலுங்கும்போது அது கழன்றுவிடும். உடைந்த கண்ணாடியை நாலு மடிப்புச் செய்தித்தாளில் சுற்றி டேப் ஒட்டுங்கள்.

தயவுசெய்து இவற்றை மூட்டைக்குள் வைக்காதீர்கள். வண்டி வரும்போது தனியாகக் கையில் கொடுத்து, "இதுல ஊசி இருக்குக்கா" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.