கொல்லாமல் வளர்த்துவிடும் மருந்து

புற்றுநோய் மருந்து என்றால் கெட்ட செல்லைக் கொல்வது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கீமோதெரபி பெரும்பாலும் அப்படித்தான் வேலை செய்கிறது. வேகமாகப் பிளக்கும் செல் எதுவானாலும் தாக்கும்; அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது. ஆனால் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு வேறு மாதிரி மருந்து வந்தது. அது கெட்ட செல்லை முதிரவைக்கிறது. முதிர்ந்த செல் ஆயுள் முடிந்து தானே இறக்கிறது.

அந்த நோயின் பெயர் அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கேமியா, சுருக்கமாக ஏபிஎல். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோபில்களை, அதாவது கிருமிகளை விழுங்கும் வெள்ளை அணுக்களை, உருவாக்குகிறது. ஒவ்வொன்றும் பல படிகள் தாண்டித்தான் முழு வளர்ச்சி அடையும். நடுவில் வரும் படிதான் புரோமைலோசைட்: உள்ளே துகள்கள் நிறைந்த, இன்னும் பக்குவப்படாத செல். ஏபிஎல்லில் செல்கள் இந்தப் படியிலேயே நின்றுவிடுகின்றன. நின்றாலும் பெருகுவதை நிறுத்துவதில்லை. மஜ்ஜை முழுக்க இவையே நிரம்பி, நல்ல செல்கள் உருவாக இடமில்லாமல் போகிறது.

1957இல் நார்வே மருத்துவர் லெய்ஃப் ஹில்லெஸ்டாட் இதைத் தனி நோயாக அடையாளம் காட்டினார். கட்டுக்கடங்காத ரத்தப்போக்கும், சில வாரங்களிலேயே நேரும் மரணமும்தான் அவர் கண்ட அடையாளங்கள். இந்தச் செல்கள் ரத்தம் உறையும் ஏற்பாட்டையே குழப்பிவிடுகின்றன. ஒரு பக்கம் உடலெங்கும் சிறு சிறு உறைவுகள் உண்டாகி உறைதல் புரதங்களும் தட்டணுக்களும் செலவாகின்றன; இன்னொரு பக்கம் உறைந்ததைக் கரைக்கும் வேலையும் மும்முரமாக நடக்கிறது. மிச்சம், எங்கே தொட்டாலும் ரத்தம். மூளைக்குள் கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

செல் ஏன் அந்தப் படியில் நிற்கிறது? 1977இல் அமெரிக்க மரபியலாளர் ஜேனட் ரவுலியும் அவருடைய குழுவினரும் ஒரு துப்பு கண்டுபிடித்தார்கள். நோயாளிகளின் செல்களில் 15ஆம் குரோமோசோமும் 17ஆம் குரோமோசோமும் ஆளுக்கொரு துண்டை மாற்றிக்கொண்டிருந்தன. ஒட்டிய இடத்தில் இரண்டு மரபணுக்கள் ஒன்றாகிவிட்டன என்பது 1990 வாக்கில் தெரியவந்தது. ஒன்று பிஎம்எல். இன்னொன்று ராரா.

ராரா தரும் புரதம் ரெட்டினாயிக் அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி. வைட்டமின் ஏயிலிருந்து உடல் தயாரிப்பதுதான் இந்த அமிலம். சாதாரணச் செல்லில் அந்தப் புரதம் டிஎன்ஏ மேல் உட்கார்ந்து, முதிர்ச்சிக்கான மரபணுக்களை மூடி வைத்திருக்கும். அமிலம் வந்து ஒட்டியதும் பிடி தளர்ந்து மரபணுக்கள் இயங்கத் தொடங்கும். பிஎம்எல்லும் ராராவும் ஒட்டியதால் உருவாகும் கலப்புப் புரதமும் அதே இடத்தில்தான் உட்காருகிறது. ஆனால் பிடி மிகவும் இறுக்கம். உடலில் வழக்கமாக இருக்கும் அமில அளவுக்கு அது அசைவதே இல்லை.

அப்படியானால் அளவைக் கூட்டினால்? ஷாங்காய் ருயிஜின் மருத்துவமனையில் மருத்துவர் வாங் ஜென்யீ 1980களில் இதைத்தான் செய்தார், அதுவும் இந்த மூலக்கூறு விவரம் எதுவும் தெரியாத காலத்தில். அவர் கொடுத்தது ஆல்-ட்ரான்ஸ் ரெட்டினாயிக் அமிலம், சுருக்கமாக ஆட்ரா. 1988இல் அவர் குழு வெளியிட்ட கட்டுரையில் 24 நோயாளிகள். அத்தனை பேருக்கும் நோய் தணிந்தது, ஒருவருக்கு மட்டும் சிறிதளவு கீமோ துணை தேவைப்பட்டது. மஜ்ஜையில் நின்றுபோயிருந்த செல்கள் நியூட்ரோபில்களாக முதிர்ந்தன. நியூட்ரோபிலின் ஆயுள் சில மணி நேரமோ சில நாளோதான்.

உடனே வைட்டமின் ஏ மாத்திரையைத் தேடி ஓட வேண்டாம். அதை அதிகமாகத் தின்றால் கல்லீரல்தான் கெடும். புற்றுநோய்க்கு ஒன்றும் ஆகாது. தவிர, ஆட்ரா இந்த ஒரு வகை லுக்கேமியாவில்தான் இப்படி வேலை செய்கிறது.

ஆட்ரா மட்டும் போதவில்லை. சில மாதங்களில் நோய் திரும்பியது. கீமோவைச் சேர்த்தபோது பலர் பிழைத்தார்கள், கீமோவின் எல்லாத் தொல்லைகளோடும். அடுத்த துணை சீனாவின் ஹார்பின் நகரிலிருந்து வந்தது, அதுவும் ஒரு விஷத்தின் வடிவில்.

ஆர்செனிக்கை 1786இலேயே ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் ஃபவுலர் மருந்துக் கரைசலாக்கிவிட்டார். 19ஆம் நூற்றாண்டில் அதை லுக்கேமியாவுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு வழக்கொழிந்தது. 1970களில் ஹார்பினில் ஜாங் டிங்தோங்கும் அவர் குழுவும் ஒரு நாட்டு மருந்தை ஆராய்ந்தார்கள். அதில் ஆர்செனிக், பாதரச உப்பு, தேரை நஞ்சு மூன்றும் இருந்தன. ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்ததில் வேலை செய்தது ஆர்செனிக் என்று தெரிந்தது. ஏபிஎல்லில் அது குறிப்பாக நன்றாக வேலை செய்தது.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆட்ரா கலப்புப் புரதத்தின் ராரா பக்கத்தைப் பிடிக்கிறது. ஆர்செனிக் அதன் பிஎம்எல் பக்கத்தில், கந்தகம் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களில் நேராக ஒட்டுகிறது. ஒட்டியதும் செல் அந்தப் புரதத்தைக் குப்பை என்று முத்திரை குத்தி உடைத்துவிடுகிறது. ஒரே எதிரியை இரண்டு முனையிலும் பிடித்து இழுக்கும் இரு மருந்துகள், இரண்டு வெவ்வேறு நகரங்களில், ஒன்றையொன்று அறியாமல் வந்து சேர்ந்தவை. யாரும் திட்டமிட்டு இப்படி வடிவமைக்கவில்லை.

2013இல் இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ லோ-கோகோ தலைமையிலான ஆய்வு இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது, கீமோ இல்லாமல். ஆபத்துக் குறைந்த, நடுத்தர ஆபத்துள்ள நோயாளிகளில் 97 சதவீதம் பேர் நோய் திரும்பாமல் இரண்டாண்டைக் கடந்தார்கள். ஆட்ராவோடு கீமோ பெற்றவர்களில் அது 86 சதவீதம். தொடக்கத்திலேயே ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் 10,000ஐத் தாண்டியவர்களுக்கு மட்டும் இன்னமும் கீமோ வகை மருந்து ஏதாவது கூடவே சேர்க்கப்படுகிறது.

தொல்லை இல்லாத மருந்துகள் என்று சொல்ல முடியாது. ஏகப்பட்ட செல்கள் ஒரே நேரத்தில் முதிரும்போது சிலருக்குக் காய்ச்சல், உடலில் நீர் கோத்து எடை ஏறுதல், மூச்சுத்திணறல் எல்லாம் வரும். சந்தேகம் வந்த உடனே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுக்க வேண்டும். ஆர்செனிக் இதயத்தின் மின் துடிப்பைத் தாறுமாறாக்கக் கூடியது. அதனால் இசிஜியும், ரத்தத்தில் பொட்டாசியம், மெக்னீசிய அளவும் அடிக்கடி பார்ப்பார்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஏபிஎல்லில் இழப்புகள் பெரும்பாலும் முதல் சில நாட்களில்தான், மருந்து வேலை செய்ய அவகாசம் கிடைப்பதற்கு முன்பே, ரத்தப்போக்கால். ஆகவே நடைமுறை இது: மைக்ரோஸ்கோப்பில் அந்தத் துகள் நிறைந்த செல்களைக் கண்டு சந்தேகம் வந்தாலே, மரபணுச் சோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் ஆட்ராவைத் தொடங்கிவிடுவார்கள். தட்டணுக்களும் உறைதல் புரதங்களும் உடனே ஏற்றப்படும். சோதனையில் வேறு நோய் என்று வந்தால் ஆட்ராவை நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு மூன்று நாள் மாத்திரையால் பெரிய கெடுதல் வந்துவிடாது.